சான்றைப் பொதுவில் வைத்தவர்

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்குள்ள நடுகல் ஒன்றில் வீரன் ஒருவனும் அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனுக்கு எழுத்துப் பொறித்ததோடு ஊரார் நிறுத்திக்கொள்ளவில்லை. நாய்க்கும் தனியாக எழுதி வைத்தார்கள். அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காத்திருந்தது. நாடாண்ட மகேந்திரன் மண்டகப்பட்டில் குகை குடைந்து தன் பெருமையை வடமொழியில் பொறித்து வைத்தான். எருமைகளைக் காத்தவனுக்கும் அவனுடைய நாய்க்கும் வட்டெழுத்தில் தமிழ் வாய்த்தது.

இதையும் இதுபோன்ற பல கற்களையும் தேடிப் படியெடுத்து, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுதியை வெளியிட்டது. பதிப்பாசிரியர் துறையின் இயக்குநர் இரா. நாகசாமி. வடமொழியில் முதுகலை படித்தவர். தமிழ்ப் பண்பாட்டை வேத மரபிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது என்று கடைசிவரை வாதாடியவர். அந்த வாதத்தை மறுக்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது நடுகற்களைத்தான். தொல்காப்பியம் சொல்லும் கல் நடும் வழக்கம் ஏட்டோடு முடிந்துபோகவில்லை, பல்லவர் காலத்திலும் சாமானியர் நடுவே உயிரோடு இருந்தது என்பதற்கு அந்தக் கற்களைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? தன்னை மறுக்க உதவும் சான்றைத் தானே தேடிப் பதிப்பித்து ஊர் கையில் கொடுத்தவர். நாகசாமி என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

அவர் 2022 ஜனவரி 23 அன்று சென்னையில் தம் 91ஆம் வயதில் மறைந்தார். பணி ஓய்வுக்குப் பிறகும் பெசன்ட் நகரிலிருந்து எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தவர். சிலருக்கு அவர் இலண்டன் நீதிமன்றத்திலிருந்து நடராசரை மீட்டவர். சிலருக்குத் திருக்குறளைச் சாத்திரங்களின் சுருக்கம் என்று சொன்னவர். இரண்டும் அவர்தான். ஒன்றை வைத்து மற்றொன்றை அழிக்கப் பார்ப்பது, கல்வெட்டில் பிடிக்காத வரியைக் கொத்தி எடுப்பதற்குச் சமம்.

*

1930இல் பிறந்த நாகசாமி, 1959இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் கலை, தொல்லியல் பிரிவுகளின் காப்பாட்சியராகச் சேர்ந்தார். 1851இல் தொடங்கிய நிறுவனம் அது. அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சுண்ணாம்புக்கல் பலகைகளும் தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளும் அதன் பெருஞ்செல்வம். அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரொதான் 1913இல் சிவ தாண்டவம் பற்றிக் கட்டுரை எழுதினார். சிலையை அவர் நேரில் பார்த்ததில்லை. படமே போதுமானதாக இருந்தது. உடலின் ஓட்டத்தை, நிழல் விழும் விதத்தை, நின்றுகொண்டே நகரும் அந்த விந்தையை அவர் கண் பிடித்துக்கொண்டது. அந்த மூர்த்தி எந்த ஊருடையது, எந்த விழாவில் தெருவுலா வந்தது, யார் எண்ணெய்க் காப்பு இட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அருங்காட்சியகத்தின் பலமும் குறையும் இதுவே. அங்கே எதையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் பார்க்கிற பொருள் தன் ஊரை விட்டு வந்திருக்கும். எழும்பூரில் நாகசாமி இருந்தது நான்கே ஆண்டுகள். சோழர் செம்பையும் பாண்டியர் செம்பையும், பத்தாம் நூற்றாண்டையும் பன்னிரண்டாம் நூற்றாண்டையும் கைதொட்டுப் பிரித்தறியும் பழக்கம் அங்கே அவருக்குக் கைவந்தது. பொருள் தன் ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணமும் அங்கேதான் விதை விட்டிருக்க வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

மாநிலத் தொல்லியல் துறை 1961இல் ஏற்பட்டது. 1966இல் நாகசாமி அதன் இயக்குநரானார். 1988வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். துறை கையில் எடுத்த இடங்களின் பெயர்களே ஒரு வரலாறு சொல்லும். கட்டபொம்மனின் கோட்டை இருந்த பாஞ்சாலங்குறிச்சி. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை. இராசேந்திரனின் அரண்மனைச் செங்கல் சுவர்கள் புதைந்து கிடந்த கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேடு. கொற்கையில் கிடைத்த கரித்துண்டுக்குக் கி.மு. 785 என்ற காலக்கணிப்பு வந்தபோது, தமிழ்நாட்டுத் தொன்மை பற்றிய பேச்சு இலக்கியத்திலிருந்து மண்ணுக்கு இறங்கியது. கீழடி அகழாய்வு இன்று கொடுக்கும் பெருமிதத்துக்கு அப்போதே ஒரு முன்னுரை எழுதப்பட்டுவிட்டது.

ஆனால் அகழாய்வு ஆண்டுக்குச் சில மாத வேலை. துறையின் அன்றாடப் பிழைப்பு கல்வெட்டு. படியெடுப்பதை ஒருமுறையாவது கிட்ட நின்று பார்த்தால்தான் அதன் பாடு தெரியும். முதலில் கல்லைத் தண்ணீர் ஊற்றித் தூரிகையால் தேய்ப்பார்கள். நூற்றாண்டுகளின் எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, பாசி எல்லாம் போக வேண்டும். பிறகு நனைத்த தாளைக் கல்மேல் பரப்பி, தடித்த தூரிகையால் அடித்துக்கொண்டே போவார்கள். அடி பலமானால் தாள் கிழியும். தளர்ந்தால் எழுத்துக்குள் இறங்காது. தாள் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி அரைகுறையாகக் காய்ந்த பதத்தில், துணிப்பந்தில் கரிமை தோய்த்து மேலே ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுக்கும், வெட்டெழுத்து வெள்ளையாகத் தங்கும். உரித்தெடுத்தால் பாறையில் கண்ணுக்குப் பிடிபடாத வரி தாளில் படிக்கக் கிடைக்கும். கோயில் சுவரில் விளக்குக்கூண்டு அறைந்திருந்தாலோ, தூணை மறைத்துப் புது மதில் எழும்பியிருந்தாலோ பாதி வரி போச்சு. அந்தப் பாதியை வேறெங்கும் வாங்க முடியாது.

இந்த வேலைக்கு ஆள் வேண்டும். வட்டெழுத்தும் கிரந்தமும் பழந்தமிழும் தெரிந்த ஆள், வெயிலில் சாரத்தில் ஏறி நிற்கவும் அஞ்சாத ஆள். நாகசாமி கல்வெட்டியலுக்கு முறையான பயிற்சி வகுப்பை ஏற்படுத்தினார். அதில் படித்துத் துறைக்குள் வந்தவர்கள் அடுத்த இரண்டு தலைமுறைக்குத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளைப் படித்தார்கள். 'கல்வெட்டு' என்ற காலாண்டிதழ் மாவட்டங்களில் புதிதாகக் கிடைத்தவற்றை அச்சில் கொண்டுவந்தது. துறை வெளியிட்ட மலிவு விலைக் கையேடுகள், கோயில் பார்க்க வருகிறவர் பையில் போட்டுக்கொள்ளும்படி இருந்தன. அறிஞர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதியவர், 'யாவரும் கேளிர்', 'ஓவியப்பாவை' என்று தமிழிலும் பொது வாசகருக்கு எழுதினார். அந்தத் தமிழில் புலமை மிடுக்கு குறைவு. கதை சொல்லும் ஆசை கூடுதல்.

*

எதையும் அதனதன் இடத்திலேயே பேசவைப்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் கோட்டைக்குள்ளேயே அருங்காட்சியகம் வந்தது. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்கு நடுவே ஒலி ஒளிக் காட்சி வந்தது. 1981இல் கலை அறிஞர் கபிலா வாத்ஸ்யாயனுடன் சேர்ந்து அவர் தொடங்க உதவிய சிதம்பரம் நாட்டியாஞ்சலியும் இதே வழியில் வந்ததுதான். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் மார்கழிக்கு மார்கழி ஆடப்படும் பரதம், கோபுர வாயிலில் கரணங்கள் செதுக்கப்பட்ட சிதம்பரத்தில் சிவராத்திரி இரவில் ஆடப்பட வேண்டும் என்பது எண்ணம். டிக்கெட் கிடையாது, மேடையில் பெரியவர் சிறியவர் கிடையாது. இன்று தஞ்சையிலும் திருநள்ளாற்றிலும் எங்கெங்கோ நாட்டியாஞ்சலி நடக்கிறது. தொடங்கியவர்கள் யாரென்று ஆடுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு காரியம் ஊர்ச் சொத்தாகிவிட்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பொருளுக்கும் ஊருக்கும் உள்ள உறவை அவர் வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியும் வந்தது. 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டம் பத்தூரில், பாழடைந்த சிவன் கோயிலருகே மண்வெட்டிய ஒரு கூலித்தொழிலாளிக்குச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் நடராசர் மட்டும் கை மாறிக் கை மாறி இலண்டன் போய்ச் சேர்ந்தார். கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் 1982இல் வாங்கியது. பழுதுபார்க்கப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்த இடத்தில் ஸ்காட்லாந்து யார்டு கைப்பற்றியது. நிறுவனம் காவல்துறை மேல் வழக்குப் போட்டது. இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் உரிமை கோரின. கூடவே பத்தூர்க் கோயிலும் அதன் சிவலிங்கமும் வழக்காடிகளாக நின்றன. நம் நாட்டுச் சட்டத்தில் கோயில் மூர்த்தி சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்காடலாம். இலண்டனுக்கு அது புதிது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அந்த நடராசருக்குப் பழைய புகைப்படம் எதுவும் கிடையாது. எப்படி இருக்கும்? மண்ணுக்கடியில் அல்லவா கிடந்தார்! பிற்காலத்தில் பல சிலைகள் திரும்பி வந்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகப் போய் எடுத்து வைத்திருந்த படங்களால். சிலையைக் கோயிலில் வைத்து எடுத்த படத்தை நீட்டினால் மேற்கொண்டு பேச்சில்லை. பத்தூர் வழக்கில் அந்த வசதி இல்லாததால், சிலையிலேயே சான்று தேட வேண்டியிருந்தது. மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும்; ஒன்றுபோல் இன்னொன்று வராது. ஆனால் ஒரே பட்டறையில் ஒரே காலத்தில் வார்த்தவற்றுக்குள் சாயல் இருக்கும். பீடத்துத் தாமரையிதழின் வளைவிலும் ஆடை முடிச்சிலும் விரல் மடிப்பிலும் அதைத் தேட வேண்டும். பத்தூரிலேயே கிடைத்த மற்றத் திருமேனிகளோடு நடராசரை அப்படி ஒப்பிட்டு நாகசாமி சாட்சி சொன்னார். உலோகம், ஒட்டியிருந்த மண், கறையான் தடம் என்று வல்லுநர்கள் தனித்தனியே ஆராய்ந்தார்கள். எல்லாம் ஒரே ஊரைக் காட்டின. நீதிபதி இயான் கென்னடி 1988இல் கோயில் பக்கம் தீர்ப்பளித்தார். நாகசாமியின் புலமையைப் பாராட்டவும் செய்தார். 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்.

ஆனால் அவர் பத்தூர் போகவில்லை. திருவாரூர்த் தியாகராசர் கோயில் வளாகத்திலுள்ள பாதுகாப்பு மையத்துக்குப் போனார். ஊருக்குரியவர் என்று கடல்கடந்து நிரூபித்த மூர்த்திக்கு ஊரில் பூட்டும் காவலும் இல்லை என்பது காரணம். அது பொய்க் காரணமும் இல்லை. மயிலாப்பூர் போன்ற, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகிற இடத்திலேயே கபாலீசுவரர் கோயில் புன்னைவனநாதர் சந்நிதி மயில் சிலை மாற்றப்பட்டதாகப் புகார் எழுந்து 2018இல் வழக்கானது. பழைய மயிலின் அலகில் இருந்தது பூவா பாம்பா என்று ஊரே விவாதித்தது. தினமும் கும்பிட்ட சிலை. அளவும் படமும் குறிப்புமாக அது முறையாகப் பதிவாகி, யாரும் பார்க்கும்படி இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பத்தூர் கற்றுக்கொடுத்த பாடம் மாட வீதிவரை வந்து சேரவில்லை.

*

இனி, தவிர்க்க முடியாத பகுதிக்கு வருகிறேன்.

ஓய்வுக்குப் பிந்தைய நாகசாமி எழுதியவற்றுள் அதிகம் சர்ச்சைக்குள்ளானவை, தமிழுக்கும் வடமொழிக்கும் உள்ள உறவைப் பற்றியவை. 2012இல் வந்த ஆங்கில நூலில் தமிழ் இலக்கண, இலக்கிய மரபுகளுக்குப் பரதரின் நாட்டிய சாத்திரமும் பிற வடமொழி நூல்களும் ஊற்று என்றார். பின்னர் திருக்குறளைத் தரும, அர்த்த, காம சாத்திரங்களின் வழிநூலாகக் காட்டினார். 2018இல் பத்ம பூஷண் வந்தது. அடுத்த ஆண்டு செம்மொழித் தமிழாய்வு நிறுவனத்தின் விருதுத் தேர்வுக் குழுவில் அவர் பெயர் இடம்பெற்றபோது, அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் கண்டனம் தெரிவித்தார். தமிழறிஞர்கள் பலரும் எதிர்த்தார்கள்.

எதிர்த்தவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. வடமொழியும் தமிழும் இரண்டாயிரம் ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள். கொடுக்கல் வாங்கல் இல்லாமல் இருக்குமா? யார் கொடுத்தார், யார் வாங்கினார், எப்போது என்பதுதான் கேள்வி. குறளில் ஒரு கருத்து இருக்கிறது, மனுவிலோ கௌடில்யரிலோ அதுபோல் ஒன்று இருக்கிறது என்பதால் குறள் அங்கிருந்து வந்தது என்று ஆகிவிடாது. இதை நாகசாமிக்குச் சொல்லித் தரவேண்டிய அவசியமே இல்லை. இலண்டனில் இரண்டு செப்புத் திருமேனிகளுக்குள் சாயல் இருக்கிறது என்பதோடு வழக்கு முடிந்துவிடவில்லை. உலோகம் ஒத்துவர வேண்டியிருந்தது. மண் ஒத்துவர வேண்டியிருந்தது. கறையான்கூடச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றையொன்று சாராத நான்கு வழிகள் ஒரே இடத்துக்கு வந்த பிறகே அது பத்தூர் நடராசர் என்றானது. குறளுக்கு வந்தபோது சாயல் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்துவிட்டது. அவருடைய கருத்து பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது என் குறை இல்லை. தொல்லியலாளராகத் தாம் கேட்டிருக்கக்கூடிய சான்றை, உரைகாரராகத் தம்மிடம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை என்பதே என் குறை.

ஆனால் இந்தக் குறையைச் சொல்லவே அவரிடம்தான் அளவுகோலைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அவரைத் தூக்கி எறிய முடியவில்லை.

சிந்துவெளி எழுத்தையும் தமிழ்ப் பிராமியையும் ஆராய்ந்த ஐராவதம் மகாதேவனும் இதே சென்னையில் வாழ்ந்து 2018இல் மறைந்தவர். அவருக்கும் வடமொழி நன்றாகத் தெரியும். சிந்துவெளி மொழி திராவிட மொழி என்ற முடிவுக்கு அவர் வந்தார். நாகசாமியின் பார்வை வேறு திசையில் போனது. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு பழக்கம்: கண்டதை மூலத்தோடு, படத்தோடு, பாடத்தோடு அச்சிட்டுப் பொதுவில் வைப்பது. அதன் பிறகு யாரும் சரிபார்க்கலாம், மறுக்கலாம். கல்வெட்டுத் துறையில் கண்டுபிடித்ததைப் பல ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு. தன் முடிவு தயாராகும்வரை சான்றை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. இந்த இருவரும் அந்த வகை அல்லர்.

ஓர் அருங்காட்சியகத்தையோ தொல்லியல் துறையையோ நடத்துகிறவரை எதை வைத்து எடை போடுவது? அவர் காலத்தில் வந்த கூட்டத்தையும் கட்டிய கட்டடத்தையும் வைத்து எடை போடலாம். அரசாங்கங்கள் அப்படித்தான் செய்கின்றன. அவர் போன பிறகு அவரோடு உடன்படாத ஒருவர் உள்ளே வந்து, அவர் சேர்த்து வைத்ததைக் கொண்டே அவரை மறுக்க முடிகிறதா என்றும் பார்க்கலாம். முடிந்தால் அவர் நிறுவனத்தைப் பொதுச் சொத்தாக நடத்தியிருக்கிறார். முடியாவிட்டால் தன் கருத்துக்கு ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார். நாகசாமி இருபத்திரண்டு ஆண்டு தலைமை தாங்கிய துறைதான் கீழடி அகழாய்வைப் பின்னாளில் தொடர்ந்து நடத்தியது. 2023 மார்ச்சில் அந்த மண்ணிலேயே அருங்காட்சியகமும் திறந்தது. கீழடியைக் கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் நாகசாமியின் கருத்துகளை ஏற்காதவர்கள். துறை அவர்களுக்கும் உதவியது. என் கணக்கில் இது அவருக்குத் தேர்ச்சி.

தென்சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. திருவான்மியூர் மருந்தீசர் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. மயிலாப்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. அடுத்த குடமுழுக்கின்போது எந்தச் சுவரில் வண்ணம் பூசுகிறார்கள், எந்தக் கல்லைப் பெயர்க்கிறார்கள் என்று ஒரு கண் வையுங்கள். போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். தொல்லியல் துறையின் பழைய வெளியீடுகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. நாகசாமியைப் பாராட்ட வந்தவரும் சரி, மறுக்க வந்தவரும் சரி, அங்கிருந்து தொடங்கலாம்.